கண்ணுக்குள் நடக்கும் துப்புரவு

குளுக்கோமா பெரும்பாலும் நோவதில்லை. அதனாலேயே எம்மில் பலர் பார்வையில் ஒரு பகுதி போன பின்னர்தான் கிளினிக்குக்கு வருகிறோம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீரொன்று இடையறாது ஊறி, சல்லடை போன்ற ஓர் இழையத்தினூடாக வடிகிறது. சல்லடை அடைபட்டால் கண்ணமுக்கம் கூடும். அது பின்னாலுள்ள பார்வை நரம்பை நசிக்கும். அந்த நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நார்கள் உண்டு. செத்த நார் மீண்டும் முளைப்பதில்லை.

சல்லடை ஏன் அடைபடுகிறது? "வயது" என்பதே வழமையான பதில். அந்த வயதுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். உடம்பின் கலங்கள் தமக்குள் பழுதானவற்றைத் தாமே உடைத்து, உதவக்கூடியதைத் திரும்பவும் எடுத்துக்கொள்கின்றன. (சிலர் கலத்தைச் 'செல்' என்பார்கள். எங்களுக்குச் செல் என்றால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும்; ஆகவே கலம் என்றே எழுதுகிறேன்.) பிய்ந்த பனையோலைப் பெட்டியை எறியாமல் அடுப்பு மூட்ட வைப்போமே, அதுபோல. இதற்கு ஓட்டோபஜி என்று பெயர். தன்னையே உண்ணல் என்பது பொருள். பாணுக்கு மா பொங்கப் போடும் ஈஸ்ட்டில் இதன் விதத்தைக் கண்டறிந்த யப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயது ஏற இந்தத் துப்புரவு மந்தமாகிறது. சில கலங்கள் பெருகவும் மாட்டா, சாகவும் மாட்டா. மூப்படைந்து அப்படியே கிடந்து, அயற் கலங்களையும் கெடுக்கும் பொருட்களைக் கசியவிடும். குளுக்கோமா உள்ளவர்களின் சல்லடை இழையத்தில் இத்தகைய கலங்கள் கூடுதலாகக் காணப்பட்டுள்ளன. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணமுக்கம் கூட்டப்பட்ட எலிகளில் மூத்த கலங்களை நீக்கியபோது விழித்திரையின் நரம்புக் கலங்கள் கூடுதலாகத் தப்பின. ஆனாலும் ஓட்டோபஜியைத் தூண்டுவது நன்மையே என்று சொல்லிவிட முடியாது. விலங்குகளில் செய்த சோதனைகள் சில நன்மையையும் சில தீமையையும் காட்டியுள்ளன.

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "விரதம் பிடிச்சால் பழுதான கலமெல்லாம் தானாய் அழியுமாம். பிறகேன் பிள்ளை இந்தச் சொட்டு மருந்து?" பட்டினி கிடக்கும் கலத்தில் துப்புரவு கூடுவது உண்மை. ஆனால் விரதம் குளுக்கோமாவைத் தடுக்கும் என்று மனிதரில் நிரூபிக்கப்படவில்லை. கண்ணமுக்கத்தைக் குறைப்பதே இன்றுவரை நிரூபிக்கப்பட்ட வழி: சொட்டு மருந்து, லேசர், சத்திரசிகிச்சை. நானும் குளுக்கோமாக்காரிதான். விரத நாளிலும் மருந்தை விட்டுக்கொண்டே விரதம் பிடிக்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். நீரிழிவு உள்ளவர்கள் விரதத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

போரில் கண்ணில் அடிபட்ட சகோதரிகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அடியில் அந்தச் சல்லடைப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால், அமுக்கம் பல வருடங்கள் கழித்தும் கூடலாம். காயம் ஆறிவிட்டது, பார்வை தெளிவு என்று இருந்துவிடாதீர்கள். 2009இல் பட்ட அடியானாலும் கண் வைத்தியரிடம் சொல்லி அமுக்கத்தைப் பாருங்கள். குளுக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் சோதிக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ரிமொலோல் என்ற சொட்டு மருந்து அவர்களுக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும். வேறு மருந்துகள் இருக்கின்றன.