மாசக் கடைசிக்கு ஒரு ஆங்கிலச் சொல்

காபிப் பொடி டப்பாவின் அடி தெரிகிறது. முதல் தேதிக்கோ இன்னும் நாலு நாள். என்ன செய்வீர்கள்? பொடியைக் கொஞ்சம் குறைத்து, சிக்கரியைக் கொஞ்சம் கூட்டி எப்படியாவது ஒப்பேற்றி விடுவீர்கள், இல்லையா? இதற்கு ஆங்கிலத்தில் 'ஈக் அவுட்' என்று பெயர்.

பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூட்டுவது, சேர்ப்பது. பட்டப் பெயரை 'நிக்நேம்' என்கிறோமே, அதற்குள்ளும் இந்த 'ஈக்' ஒளிந்திருக்கிறது! 'ஆன் ஈக்நேம்', அதாவது கூடுதலாகச் சேர்த்த பெயர், பேச்சில் மருவி 'எ நிக்நேம்' ஆகிவிட்டது.

ஆக, இருப்பதோடு வேறொன்றைச் சேர்த்தோ, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தோ நாளை ஓட்டுவதுதான் 'ஈக் அவுட்'. 'ஈக் அவுட் எ லிவிங்' என்றால் கஷ்டப்பட்டு வயிற்றுப்பாட்டைப் பார்ப்பது. சண்டையை ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டே போனால் அது 'டிராக் அவுட்'. ரெண்டையும் குழப்பிக்காதீங்க!

இந்த வித்தையில் கரை கண்டவர்கள் இங்கிலாந்து இல்லத்தரசிகள். அங்கே உணவு ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கி, யுத்தம் முடிந்த பிறகும் நீடித்து, 1954 ஜூலையில்தான் முழுசாக நின்றது. யுத்த காலத்தில் பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குத் தேயிலை 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். முட்டை, கிடைத்தால், ஒன்று! வெண்ணெயோடு மார்ஜரினைக் கலந்தார்கள். மாவோடு உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்தார்கள். குடும்பத்தை ஓட்டினார்கள்.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் இந்த 'ஈக் அவுட்' கூடவே கூடாது.

ஒன்று, கைக்குழந்தையின் பால். டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பதானால், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கரைக்க வேண்டும். ரெண்டு நாள் கூட வரட்டுமே என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தைக்கு எடை ஏறாது. ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

இரண்டாவது, உங்கள் மாத்திரை. வீட்டில் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, தன் பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் எத்தனை பேர்! பட்டை ரெண்டு மாசம் வரும். பிரஷர் அதுவரை காத்திருக்காதே! செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விலை குறைந்த அதே மருந்தை எழுதித் தருவார். அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் வாங்கலாம்.

வெண்ணெயை எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுங்கள். மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.