திருத்திய கைக்கு ஒரு தொழில்

தொழுநோய்க் கிருமியை மருந்தால் அழித்துவிட முடியும் என்றாலும், அது நரம்புகளுக்கு இழைத்த சேதம் நோய் தீர்ந்த பின்பும் தங்கிவிடுவதால், குணமடைந்தவர் உழைப்புக்குத் திரும்புவது தனியொரு போராட்டமாகிவிடுகிறது. அப்போராட்டத்தையும் மருத்துவத்தின் பொறுப்பாக ஏற்ற முன்னோடிகளுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி குறிப்பிடத்தக்கது; கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் அங்கே இப்பணியைத் தொடங்கினார்.

முழங்கையின் பின்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு பழுதுபடும்போது, உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. முன்கைத் தசைகளில் பல வலுக்குன்றாமல் இருப்பதால், அவற்றில் ஒன்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாரை, விரல்களுக்குத் திருப்பி இணைக்கும் அறுவையை அவர் தொழுநோயாளரின் கைகளுக்குச் செய்தார். வேறொரு செயலுக்குப் பழகிய அத்தசைக்குப் புதிய வேலையை இயன்முறைப் பயிற்சியால் கற்பித்த பிறகே கை பயன்பட்டது.

எனினும் தொடுவுணர்வு திரும்புவதில்லை. நோயால் விரல்கள் அழுகி உதிர்வதாக நிலவிய நம்பிக்கை தவறென்றும், சூடான பாத்திரத்தாலும் கருவிகளின் உராய்வாலும் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்றும் பிராண்டின் குழு கண்டறிந்தது. உறக்கத்தில் எலி கடித்ததையும் உணராமல் விரல் இழந்தோர் இருந்தமையால், அவர்கள் தங்குமிடங்களில் பூனை வளர்க்கச் செய்ததும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆயிற்று. விரல் காட்டித்தராத ஆபத்தைக் கண்ணால் கண்டு விலக நோயாளருக்குக் கற்பித்தனர்.

ஆனால் திருத்திய கையுடன் ஊர் திரும்பியவர்களுக்கு வேலை தருவாரில்லை. முன்பு இரந்து பிழைத்தவர்களுக்கோ, கை நேராகிவிட்டதால் அவ்வழியும் அடைபட்டது. அறுவை மட்டும் மறுவாழ்வாகாது என்பதை இதைவிடக் கடுமையாக எதுவும் உணர்த்தியிருக்க முடியாது. எனவே 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் அமைக்கப்பட்டு, அங்கே இளைஞர்கள் மரவேலை போன்ற தொழில்களைக் காயமின்றிச் செய்யப் பழகினர்.

தொழுநோயிலிருந்து குணமடைந்தோரை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனிப்பிரிவாக ஏற்றுள்ளது. அந்த ஏற்பு தொழிற்பயிற்சியாகவும் வேலையாகவும் அவர்களைச் சென்றடைய வேண்டும். நரம்புகள் சேதமுறும் முன்பே நோயைத் தீர்க்க, தொழுநோயின் அறிகுறியான உணர்ச்சியற்ற வெளிறிய படை தோலில் தென்பட்டால் தாமதமின்றி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கூட்டு மருந்து சிகிச்சை அங்கே இலவசம்.