மூக்குத்தூள்: ரசனையும் எச்சரிக்கையும்

மூக்குத்தூள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வயதானவர்களின் மடியிலே இருக்கும் சின்ன டப்பியும், அடுக்குத் தும்மலும், கறை பிடித்த துவாயும்தான். இதிலே வாசம் பார்த்து, ரகம் பார்த்து ரசிக்கிறவர்களும், வகை வகையாகச் சேர்த்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் நாம் தேயிலைக்காரர்கள். பக்டரியில் தூளைச் சலித்துத் தரம் பிரிப்பதும், கொழும்பிலே ருசி பார்ப்பவர்கள் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டுத் தரம் சொல்வதும் நமக்குப் புதிதல்ல. மூக்குத்தூள் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் இந்த முறை அதைப்பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம். போடச் சொல்லி எழுதவில்லை. அது என்ன பொருள், எப்படிச் செய்கிறார்கள், அதில் என்ன ரசனை, எங்கே ஆபத்து என்று தெரிந்துகொள்வதற்காகவே எழுதுகிறோம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் அங்கே போன பிறகுதான் மற்ற நாடுகளுக்கு வந்தது. போர்த்துக்கல் நாட்டுக்குப் பிரான்ஸின் தூதராகப் போன ஜோன் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவில் அதைப் பிரான்ஸ் அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். தலையிடிக்கு மருந்து என்று சொல்லித்தான் அங்கே அதன் தூளை மூக்கில் இழுத்தார்களாம். புகையிலையில் இருக்கும் ‘நிக்கொட்டின்’ என்ற பொருளுக்கு இவருடைய பெயரையே வைத்தார்கள். தலையிடிக்குப் பொடி நல்லது என்று நம்ம பக்கத்தில் பேசுகிற பேச்சுக்கு இவ்வளவு வயதாகிறது பாருங்கள்! இங்கிலாந்தில் இது பரவியது 1702க்குப் பிறகு. அந்த வருஷம் ஸ்பெயின் நாட்டு விகோ துறைமுகத்தில் ஆங்கிலக் கடற்படை கைப்பற்றிய சரக்கிலே ஏராளமான மூக்குத்தூளும் இருந்தது. கப்பல்காரர் அதைத் துறைமுகங்களில் மலிவாக விற்க, ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

இனி, செய்கிற விதம். இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரத்து ஷரோ ஆலையும் கெண்டல் என்ற சிறிய ஊரின் ஆலைகளும் இதற்குப் பேர் போனவை. ஷெபீல்ட் தொழில் 1700களின் நடுப்பகுதியில் வளர்ந்தது. கெண்டலில் 1792இல் தொடங்கியது. அங்கெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் சக்கரமே இயந்திரத்தை ஓட்டியது. பல நாட்டுப் புகையிலைகளின் இலையையும் தண்டையும் கணக்காகக் கலப்பார்கள். ஈரப்படுத்திக் குவித்துப் புளிக்க வைப்பார்கள். புளித்ததைப் பெரிய உரல்களில் போட்டு, சக்கரம் சுழற்றும் உலக்கைகளால் அரைப்பார்கள். பிறகு சலிப்பு, உப்பும் ஈரமும் சேர்ப்பது, கடைசியாக வாசனைத் தைலம். அதற்குப் பிறகும் உடனே விற்பதில்லை. வாசம் ஊறட்டும் என்று மூடி வைத்துவிடுவார்கள். எந்த இலை எத்தனை பங்கு, எந்தத் தைலம் எத்தனை துளி என்பது குடும்பத்து இரகசியம். கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு அது முழுவதும் தெரியாது.

ரகத்தை முதலில் பிரிப்பது பொடியின் பருமன். கெண்டல் பிரவுண் போன்றவை கரகரப்பாக, ஈரமாக இருக்கும். ‘டோஸ்ட்’ என்ற ரகம் நன்றாக வறுத்த, மாவு போல நைஸான காய்ந்த தூள். தேயிலையிலே டஸ்ட் சீக்கிரம் சாயம் இறங்குகிற மாதிரி, நைஸான பொடி சுருக்கென்று ஏறும். பழகாதவர்களுக்குத் தொண்டைவரை போய் இருமல் வந்துவிடும். இரண்டாவது பிரிவு வாசம். ரோஜா, புதினா, கற்பூரம், எலுமிச்சை வகை என்று பலது உண்டு. ‘எஸ்.பி.’ என்று இரண்டே எழுத்தில் பேர் பெற்ற ஆங்கிலப் பொடிக்குப் பெரும்பாலும் பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் தைலம்தான் சேர்ப்பார்கள். ‘ஏர்ல் கிரே’ தேயிலைக்கு வாசம் கொடுப்பதும் அதே தைலம். நாம் கொய்து கொடுக்கிற கொழுந்துக்கும் அந்தப் பொடிக்கும் இப்படி ஒரு சொந்தம்!

தமிழ்நாட்டுப் பொடியின் வழி வேறு. அங்கே புகையிலையை வறுத்து இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துப் பிசைவார்கள். வாழைப்பட்டையில் கட்டிக் கொடுத்த பொடிமட்டையும், தகர டப்பியில் வந்த பட்டணம் பொடியும் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அறிஞர் அண்ணாவும் பொடிப் பிரியர்தான். நெய் எதற்கு என்று கேட்கலாம். தூள் பறக்காமல் இருக்கவும், மூக்கு எரியாமல் இருக்கவும், வாசம் பிடித்து நிற்கவும்தான். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தார் செய்யும் ‘ஷ்மால்ட்ஸ்லர்’ என்ற பொடியிலும் முற்காலத்தில் உருக்கிய நெய்யைத்தான் சேர்த்தார்கள். கடல் கடந்த இரண்டு ஊர்க்காரருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது. சுண்ணாம்பின் வேலை வேறு. அது நிக்கொட்டினை இலையிலிருந்து பிரித்து விடுகிறது. அதனால் உடம்பு அதைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது. ‘காரம்’ என்று நாம் சொல்வதிலே பாதி இதுதான்.

ரசிக்கத் தெரிந்தவர்கள் நம்மவர்கள் போல இழுத்து ஏற்றமாட்டார்கள். பட்டாணி அளவுக்கும் குறைவாக இரண்டு விரலால் எடுத்து, பூவை முகர்கிற மாதிரி மெதுவாக உறிஞ்சுவார்கள். மூக்கின் முன்பக்கத்தில் தங்கினால்தான் வாசம் தெரியும். மேலே ஏறினால் வாசமும் இல்லை, கண்ணீர்தான் மிச்சம். தும்மல் வருவது கெட்டிக்காரத்தனம் அல்ல, பழகாததன் அடையாளம் என்று அவர்கள் சொல்வார்கள். காலையில் ஒரு ரகம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ரகம் என்று மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

சேர்த்து வைக்கும் ஆசையில் எல்லோரையும் மிஞ்சியவர் லண்டனில் வாழ்ந்த பீட்டர்ஷம் பிரபு. அவருடைய அறையில் ஒரு பக்கத்துச் சுவர் நிறையத் தேயிலை டின்களும், எதிர்ப் பக்கத்திலே மூக்குத்தூள் சாடிகளும் வரிசையாக இருந்தன என்று அவரைப் பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார். வருஷத்தில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு டப்பி வைத்திருந்தார் என்றும், கோடைக்குரிய டப்பியைக் குளிர்காலத்தில் கையில் எடுக்கமாட்டார் என்றும் பேச்சு. அவர் இறந்தது 1851இல். அந்தத் தேயிலையெல்லாம் சீனத்துச் சரக்கு. நம்ம லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல்தான். பிரபுவின் காலத்திலே நம்ம மூதாதையர் இந்த மலைகளில் கோப்பிக்கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

டப்பிகளின் கதை இன்னும் பெரியது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வைரம் பதித்த டப்பிகளை ஏராளமாகச் சேர்த்தார். 1759இல் ஒரு சண்டையில் அவர் மேல் பாய்ந்த குண்டை உடுப்புக்குள் இருந்த டப்பி தடுத்ததாகச் சொல்வார்கள். அவருடைய டப்பிகளில் சிலவற்றை லண்டனில் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் பார்க்கலாம். சீனர்கள் டப்பி செய்யவில்லை, சிறு குப்பி செய்தார்கள். மூடியோடு ஒரு குட்டிக் கரண்டியும் இருக்கும். கண்ணாடிக் குப்பிக்குள்ளே வளைந்த தூரிகையை விட்டு, உட்பக்கத்தில் படம் வரைகிற வித்தை அவர்களுடையது. ஸ்கொட்லாந்துக்காரர் ஆட்டுக்கடாக் கொம்பையே டப்பியாக்கினார்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலோ 1600களின் கடைசியிலேயே சபைக்குள் புகைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக உறுப்பினர்களுக்கென்று வாசலில் ஒரு மரப்பெட்டியில் மூக்குத்தூள் வைக்கிற வழக்கம் வந்தது. நம் கையில் வைர டப்பி இல்லை. ஆனாலும் படம் அச்சடித்த பழைய தகர டப்பி, பித்தளை டப்பி, கொம்பு டப்பி ஏதும் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள் என்பது எங்கள் ஆசை. யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு துண்டில் எழதி உள்ளே வைத்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு சரித்திரம்.

இப்போது ஆபத்துப் பக்கம். இதிலே நாங்கள் பூசி மெழுக விரும்பவில்லை. 1761ஆம் ஆண்டிலேயே ஜோன் ஹில் என்ற லண்டன் வைத்தியர், அளவுக்கு மிஞ்சிப் பொடி போட்டவர்களுக்கு மூக்கிலே புற்று வந்ததைக் கண்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். புகை இல்லாததால் சுருட்டு, பீடி போல நெஞ்சுக்குள் தார் போய்ப் படியாது என்பது உண்மை. அதற்காகப் பொடி சுத்தமானது என்று ஆகிவிடாது. புகையிலையைப் பதப்படுத்தி, புளிக்க வைக்கும்போதே புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் அதில் உருவாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், புகையில்லாப் புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. நிக்கொட்டின் மூக்கின் மெல்லிய தோல் வழியாக நேராக இரத்தத்தில் சேர்கிறது. நாலு நாள் போட்டால் ஐந்தாம் நாள் அது இல்லாமல் தலை இடிக்கும். அந்தத் தலையிடிக்கு மருந்து என்று மறுபடியும் பொடியையே போடுகிறோம்!

எங்களுக்குப் பெரிய கவலை தருவது மூக்கில் போடுவதைவிட, அதே பொடியைப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பது. பல்வலிக்கு என்று தொடங்கி வெற்றிலை, புகையிலையோடு சேர்த்து நாள் முழுக்க வாயிலே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அது திடீரென்று வருவதில்லை. முதலில் கன்னத்தின் உட்பக்கத்திலோ ஈறிலோ வலியில்லாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் என்று காட்டும். வலிக்கவில்லையே என்று விடுகிறதுதான் நம்மவர் செய்கிற பெரிய பிழை. இரண்டு வாரத்தில் ஆறாத எதையும் ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப் போடவேண்டாம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும் தாய்மார் பொடி போட்டால் நிக்கொட்டின் பிள்ளைக்கும் போகும். தடிமன் பிடித்த பிள்ளைக்கு ஒரு சிட்டிகை காட்டுவது, அழுகிற பிள்ளையின் ஈறில் தடவுவது இரண்டுமே விஷம் கொடுப்பதற்குச் சமம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக்கூடாது. ஆகவே தாத்தாவுக்கு வாங்கி வா என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதும் சரியல்ல.

பழைய டப்பியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். உள்ளே இருக்கும் தூளை முழுவதும் கொட்டிப் புதைத்துவிட்டு, டப்பியை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காய வையுங்கள். ஈரம் நின்றால் இந்த மலைக்குளிரில் தகரம் ஒரு மாதத்திலேயே துருப்பிடிக்கும். படம் அச்சடித்த பக்கத்தைச் சாம்பலோ புளியோ போட்டுத் தேய்க்க வேண்டாம், நிறம் உரிந்துபோகும். பித்தளை என்றால் புளி போடலாம். கழுவிக் காய்ந்த பிறகும் வாசம் இருக்கத்தான் செய்யும். வாசம் முற்றாகப் போகும்வரை சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள், அதிலே சாப்பாட்டுச் சாமானும் போட்டு வைக்காதீர்கள்.