வீட்டின் வரைபடமும் வீட்டார் தேவையும்

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'பைத்' என்பது இரவைக் கழித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும், 'தார்' என்பது சுற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும், 'மஸ்கன்' என்பது அமைதியுறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும் பிறந்தவை. திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயம் (16:80) இல்லத்தைக் குறிப்பிடும்போது இம்மூன்றாம் வேரிலிருந்து வரும் 'ஸகன்' என்னும் சொல்லை ஆளுகின்றது. ஆகவே, வாழப்போகும் ஒவ்வொருவருக்கும் அமைதி கிட்டுமிடம் எது என்பதே வரைபடத்தை விரித்ததும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வியாகும்.

இதனை நான் காலந்தாழ்ந்தே கற்றேன். கயத்தாற்றில் எங்கள் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டியபோது, வளைகுடா நாட்டில் பணியாற்றிய என் தம்பி அங்குத் தாம் கண்ட மாடிவீடொன்றின் வரைபடத்தை அனுப்பியிருந்தார். அவரும் நானும் கொத்தனாரும் கலந்து பேசி முடிவெடுத்தோம். முழங்கால் நோயுற்றிருந்த தாயாரிடம் கேட்கவில்லை. கலந்தாலோசனையைப் போற்றும் 'அஷ்ஷூரா' அத்தியாயத்தை வகுப்பில் பன்முறை நடத்தியவன் நான்!

படுக்கையறைகள் மூன்றும் மாடியில் அமைந்தன. கீழே கூடம், விருந்தினர் அறை, அடுப்படி. கழிவறை விருந்தினர் அறைக்குள். மாடியேற இயலாத தாயார் கூடத்தின் மூலையில் கட்டிலிட்டுப் படுத்தார். ஆண் விருந்தினர் வந்தால், அவர்கள் செல்லும்வரை கழிவறைக்குப் போகாமல் பொறுத்திருப்பார். "தண்ணி குடிச்சா எந்திரிக்கணும், அதான் குடிக்கல" என்று ஒருநாள் என் மனைவியிடம் கூறியிருக்கிறார்.

நாங்கள் இடித்த வீட்டில் இத்துன்பம் இருந்ததில்லை. தார்சாவில் ஆண்கள் அமர்வர். பட்டாசலில் குடும்பம் புழங்கும். அடுப்படியைக் கடந்தால் புறவாசல், அங்கே கிணறும் கழிவறையும். வந்தவர் எவராயினும் பெண்களின் நடமாட்டம் தடைபடாது. காயல்பட்டினத்தின் பழைய வீடுகளில் இவ்வமைப்பு இன்னும் விரிவானது. திருமணத்திற்குப் பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கமுடைய ஊர் அது. வீட்டுக்குப் பெண்கள் வந்துபோகத் தனிவாசலும், அவர்கள் நடக்க 'முடுக்கு' எனப்படும் ஒடுங்கிய சந்துகளும் அங்குள்ளன. அவ்வூர்க் குடும்ப வாழ்வே அவ்வீடுகளை வகுத்தது. அதனையே மற்றோர் ஊரில் பெயர்த்துக் கட்டினால் அதுவும் இரவல் வரைபடமே.

எனவே அறைகளை எண்ணுமுன் ஆட்களை எண்ண வேண்டும். அவர்தம் வயதையும் பொழுதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'அந்நூர்' அத்தியாயம் (24:58) வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூவேளைகளில் சிறுவரும் அனுமதி பெற்றே நுழைய வேண்டுமென விதிக்கின்றது. பெற்றோர் அறை வழியாகவே குளியலறைக்குப் போக வேண்டிய வீட்டில் இது எவ்வாறு இயலும்? பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கும் நபிமொழியும் வரைபடத்திற்கு உரியதே. இரவில் படிக்கும் மாணவர், பிரசவத்திற்கு வரும் மகள், முதுமையில் தங்கும் பெற்றோர் ஆகியோரையும் கணக்கிடுக. ஒருநாள் மய்யித்தைக் குளிப்பாட்டவும் சந்தூக்கைத் திருப்பி எடுத்துச் செல்லவும் கீழ்த்தளத்தில் இடம் வேண்டும். கழிவறைக் கதவை மூன்றடி அகலமாக வைத்தால் சக்கர நாற்காலி நுழையும். கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்றே வடக்கில் இருப்பதால், கழிவறைப் பீடத்தைத் தென்வடலாக அமைப்பது நன்று. கட்டடத்தினுள் இது கட்டாயமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வரையும்போதே செய்தால் செலவேதுமில்லை. ஆனி, ஆடியில் நம் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று புகையை வீட்டினுள் தள்ளாதிருக்க, அடுப்படி கிழக்குப் பக்கம் அமைதல் நலம்.

"பின்னால் ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவோர் கரிசல் மண்ணை நினைவிற்கொள்ள வேண்டும். இம்மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். பழைய அடித்தளமும் புதிய அடித்தளமும் ஒரே அளவாக அசைவதில்லை. தாயாருக்கென நாங்கள் ஒட்டிக் கட்டிய சிற்றறை அடுத்த கோடையிலேயே இணைப்பில் பிளந்தது. விரல் நுழையும் அளவு வெடிப்பு. குளியல் நீர் அடித்தளத்தருகே தேங்கியது கேட்டை மிகுவித்தது. அசையும் மேல்மண்ணைக் கடந்து ஆழத்தில் ஊன்றும், அடி அகன்ற தூண் அடித்தள முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காக உருவாக்கியது. ஆனால் அதனைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

இறுதியில் விருந்தினர் அறையையே தாயாருக்குக் கொடுத்தோம். கழிவறைக் கதவை அகலப்படுத்திச் சுவரில் கைப்பிடி பொருத்துவது இரண்டு நாள் வேலை. விருந்தினருக்கு முன்வாசலில் நாற்காலி இட்டோம். எவரும் குறை கூறவில்லை. தாயார் தம் இறுதி இரண்டாண்டுகளை அவ்வறையில் கழித்தார். தாகத்திற்குத் தண்ணீர் குடித்தார். வரைபடம் வந்த அன்றே அவரிடம் கேட்டிருந்தால், முதல் நாளிலிருந்தே அவ்வீடு அவருக்கு மஸ்கனாக இருந்திருக்கும்.