உடற்பயிற்சி: கல்லூரி மாணவ, மாணவியரை உந்துவது எது, தடுப்பது எது?

இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடல் இயக்கமின்றி வாழ்கின்றனர். உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் பங்கேற்று, 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024 ஜூன் மாதம் வெளியான ஆய்வு இதைத் தெரிவிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் சுமார் 22 சதவீதமாக இருந்த இந்த விகிதம், 2022-இல் 49.4 சதவீதமாக உயர்ந்துள்ளது. ஆண்களில் 42 சதவீதத்தினரும் பெண்களில் 57 சதவீதத்தினரும் இந்த நிலையில் உள்ளனர்.

ஆண், பெண் இருபாலருக்கும் இடையிலான இந்த 15 சதவீதப் புள்ளி இடைவெளியைப் புரிந்துகொள்ளக் கல்லூரிப் பருவம் முக்கியமானது. பள்ளியில் உடற்கல்வி வகுப்பு பாட அட்டவணையிலேயே இடம்பெற்றிருக்கும். கல்லூரியில் சேர்ந்ததும், உடற்பயிற்சி செய்வதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் மாணவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அந்த முடிவை எது தூண்டுகிறது என்பதைப் பொறுத்தே பழக்கம் நிலைப்பதும் கைவிடப்படுவதும் அமைகிறது.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 முதல் 64 வயது வரையுள்ளோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும். வாரத்தில் குறைந்தது இரு நாள்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள்கள் வேகமாக நடந்தாலே முதல் இலக்கின் கீழ் வரம்பை எட்டிவிடலாம்.

இருவகை உந்துதல்

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகியோர் உருவாக்கிய 'சுயநிர்ணயக் கோட்பாடு' மனித உந்துதலை இருவகையாகப் பிரிக்கிறது. ஒரு செயல் தரும் மகிழ்ச்சிக்காகவே அதைச் செய்வது அகவுந்துதல். எடை குறைதல், பிறர் பாராட்டு போன்ற பயனை எதிர்பார்த்துச் செய்வது புறவுந்துதல்.

இந்த அடிப்படையில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், குறிப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்கொள்ளப்பட்டவை, ஒரு பொதுவான போக்கைக் காட்டுகின்றன. ஆண்கள் போட்டி, சவால், உடல் வலிமை, சமூக அங்கீகாரம் ஆகியவற்றை அதிகம் குறிப்பிடுகின்றனர். பெண்களிடம் உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல் முதன்மைக் காரணமாக வெளிப்படுகிறது. எனினும் இவை சராசரி வேறுபாடுகளே. போட்டியை விரும்பும் மாணவியரும், எடை குறித்துக் கவலைப்படும் மாணவர்களும் ஏராளம்.

விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் காணப்படுகிறது. கால்பந்து, இறகுப்பந்து, கபடி போன்றவற்றை ஆடுவோர் பெரும்பாலும் மகிழ்ச்சிக்காகவே ஆடுகின்றனர். உடற்பயிற்சிக்கூடத்திற்குச் செல்வோரிடம் தோற்றமும் எடையும் கூடுதல் இடம் பெறுகின்றன. விளையாட்டுத் திடலில் மாணவர்களே மிகுந்திருக்கும் சூழலில், நீடித்து நிற்கக்கூடிய உந்துதலைப் பெறும் வாய்ப்பு மாணவியருக்குத் தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது.

தோற்றக் கவலையின் எல்லை

தோற்றத்தை மேம்படுத்தும் விருப்பம் பலரையும் பயிற்சியைத் தொடங்க வைக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருப்பின் பழக்கம் எளிதில் தளர்கிறது. எடை குறையவும் தசை வளரவும் மாதக்கணக்கில் ஆகலாம். எதிர்பார்த்த மாற்றம் கண்ணாடியில் தெரியாதபோது ஆர்வம் வடிகிறது. நல்ல உறக்கம், மனஅழுத்தம் குறைதல், படிப்பில் கவனம் போன்ற பயன்களைச் சில வாரங்களிலேயே உணர முடியும் என்பதால், அவற்றைக் கருத்தில் கொள்வோருக்குத் தொடர்வது எளிதாகிறது.

தோற்றத்தின் மீதான மிகை நாட்டம் உடலுக்குக் கேடாகவும் முடியலாம். மாணவியர் சிலர் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்கின்றனர். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ள நிலையில், இத்தகைய பட்டினி சோர்வை மேலும் கூட்டும். மாணவர் சிலரோ விரைவில் தசை வளர்க்க ஸ்டீராய்டு மருந்துகளை நாடுகின்றனர். மருத்துவக் கண்காணிப்பின்றி இவற்றைப் பயன்படுத்துவது இதயம், கல்லீரல், இனப்பெருக்கத் திறன் ஆகியவற்றைப் பாதிக்கும்.

ஆர்வம் உண்டு, நேரம் இல்லை

மாணவியர் குறைவாக உடற்பயிற்சி செய்வதை ஆர்வக் குறைவாக மட்டும் கருதிவிட முடியாது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் மாணவியரில் பலர் மாலையில் திடலுக்குப் பதிலாகச் சமையலறைக்கே செல்ல வேண்டியுள்ளது.

விடுதி மாணவியருக்கு நேரக் கட்டுப்பாடு தடையாகிறது. மாணவர்கள் இரவு வரை விளையாடும் வளாகங்களில், மாணவியர் அந்தி சாயும் முன்பே அறை திரும்ப வேண்டிய விதிகள் உண்டு. இத்தகைய பாகுபாட்டை எதிர்த்தே 2015-இல் தில்லியில் 'பிஞ்சரா தோட்' என்ற மாணவியர் இயக்கம் தொடங்கியது. சாலையில் நடக்கும்போதோ ஓடும்போதோ எதிர்கொள்ளும் கேலியும், பாதுகாப்பு குறித்த அச்சமும் மேலும் பலரைத் தயங்க வைக்கின்றன.

கல்லூரிகள் செய்யக்கூடியவை

2019 ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினத்தன்று 'ஃபிட் இந்தியா' இயக்கம் தொடங்கப்பட்டது. உடற்தகுதியை அன்றாட வாழ்வின் பகுதியாக்குவதே அதன் நோக்கம். வளாகங்களில் அது நிறைவேற, பெரும் செலவின்றியே பல மாற்றங்களைச் செய்யலாம்.

சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு இணைந்திருத்தல் ஆகிய மூன்றும் உந்துதலை நிலைக்கச் செய்கின்றன. கல்லூரி அணிக்கான தேர்வோடு நின்றுவிடாமல், தொடக்கநிலையினருக்கும் யோகா, நடனம், நடைப்பயிற்சி, பந்தாட்டம் எனப் பல வாய்ப்புகளை அளிப்பது முதற்படியாகும். திடலில் மின்விளக்கு, பெண் பயிற்றுநர், வகுப்பு நேரத்திற்குள்ளேயே பயிற்சி, இருபாலருக்கும் ஒரே விடுதி நேரம் ஆகியவை அடுத்தவை.

உடற்பயிற்சி செய்யுமாறு மாணவியருக்கு அறிவுரை கூறுவது எளிது. அதற்கான அரை மணி நேரத்தையும் அச்சமற்ற இடத்தையும் உறுதிசெய்தால்தான் அந்த அறிவுரை பயன் தரும்.