துப்பாக்கிக்கும் அளவெடுக்க வேண்டும்! - பதக்கத்தைத் தீர்மானிக்கும் கிராம், மில்லிமீட்டர் கணக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த பிறகும் பல நாள்கள் செல்போன்களில் சுற்றிவந்த படம் அது. சாதாரண டி-ஷர்ட், வீட்டில் போடும் மூக்குக்கண்ணாடி, பாக்கெட்டில் ஒரு கை. துருக்கியைச் சேர்ந்த 51 வயது யூசுப் டிகேச், ‘சும்மா வந்து சுட்டுவிட்டு’ கலப்பு அணிப் பிரிவில் வெள்ளிப் பதக்கத்தோடு போய்விட்டார் என்று மீம்ஸ் பறந்தன.

உண்மையில் அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். பாக்கெட்டில் கை வைப்பதும் ஸ்டைலுக்காக அல்ல. தோள் ஆடாமல் இருக்க பிஸ்டல் வீரர்கள் பெரும்பாலும் செய்வதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்யப்படும் ஏர் பிஸ்டல். கண்ணில் லென்ஸ் இல்லாமல் சுடலாம். கைக்குப் பொருந்தாத துப்பாக்கியோடு அந்த மேடைக்குப் போகவே முடியாது.

மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, ‘எனக்கும் துப்பாக்கி வேணும்’ என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் பொருள் அது. எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய பிறகு எதை மாற்றுவது? விலையை விட முக்கியமான கணக்குகள் இதில் இருக்கின்றன.

முதலில் கண், பிறகுதான் கடை!

துப்பாக்கி வலது கைக்கா, இடது கைக்கா? இதற்கான பதில் கையில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருக்கிறது. நம் இரண்டு கண்களில் ஒன்றுதான் குறி பார்ப்பதில் முன்னே நிற்கும். அதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விடுங்கள். அதன் வழியாக எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு கண்களாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் அப்படியே தெரிகிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண்.

வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிலர் இடது பக்கத்துக்கே மாறுவார்கள். சிலர் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு பழகுவார்கள். இதை முடிவு செய்யாமல் துப்பாக்கி வாங்கினால், அடுத்த வருடம் அதை விற்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

கைக்குள் அடங்கும் கட்டை

10 மீட்டர் ஏர் பிஸ்டலை ஒரே கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் பிடித்துச் சுட வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட பெட்டிக்குள் மொத்தத் துப்பாக்கியும் அடங்க வேண்டும்.

இதில் முதலில் மாற்ற வேண்டிய பாகம் கிரிப், அதாவது கைப்பிடி. சிறியது, நடுத்தரம், பெரியது என்று ரெடிமேட் சட்டை போலத்தான் கைப்பிடியும் வருகிறது. ஆனால் ஒருவருடைய கை இன்னொருவருடையதைப் போல இருக்காது. அதனால் அரத்தை வைத்து இங்கே கொஞ்சம் ராவுவதும், மரப் புட்டியை அப்பி அங்கே கொஞ்சம் மேடாக்குவதும் வழக்கம். உள்ளங்கை உட்காரும் அடித்தட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். மணிக்கட்டை மட்டும் கைப்பிடி தொடக் கூடாது. அது சுதந்திரமாக இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்கிறது விதி.

கிரிப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை இலக்கு நோக்கி உயர்த்த வேண்டும். கண்ணைத் திறக்கும்போது முன் சைட்டும் பின் சைட்டும் தானாகவே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கையை வளைத்துச் சரிசெய்யக் கூடாது. கட்டையைத்தான் ராவ வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? பிஸ்டலின் இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஓர் அடி தூரம்தான். அங்கே 1 மி.மீ. பிசகினால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் குண்டு சுமார் 3 செ.மீ. விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 11.5 மி.மீ. ஆக, 10 வர வேண்டிய இடத்தில் 7 வரும்.

500 கிராம் பரீட்சை

அடுத்தது ட்ரிகர். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன்பு துப்பாக்கியின் பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்து இதே சோதனை நடக்கும். அப்போது எடையைத் தாங்காமல் விசை நழுவினால், எடுத்த புள்ளிகள் எல்லாம் வீண். தகுதிநீக்கம்தான்.

‘மெல்லிசாக வைத்தால் சுட ஈஸி’ என்று 500 கிராமுக்கு மிக அருகில் ட்ரிகரை அமைப்பவர்களுக்கு இதுவே ஆபத்து. பயணத்தில் ஏற்படும் அதிர்வில் அமைப்பு லேசாக மாறலாம். கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

போட்டித் துப்பாக்கிகளின் விசை பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் விரல் பெரும்பாலான எடையை இழுத்துவிட்டு நிற்கும். அந்த இடம் விரலுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். மிச்சமுள்ள எடை, குறி சரியாக நிற்கும்போது யோசிக்காமல் விடுபடும். இந்தப் பிரிவினை ஒவ்வொருவர் விரலுக்கும் வேறுபடும். ஒருவர் அமைத்த துப்பாக்கியை இன்னொருவர் எடுத்துச் சுட்டால் தடுமாறுவது இதனால்தான்.

ரைபிள்: கன்னத்துக்கும் தோளுக்கும் கணக்கு

ஏர் ரைபிளில் விசை எடைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பத்துப் புள்ளி என்பது இங்கே வட்டமே அல்ல. வெறும் அரை மி.மீ. புள்ளி. குண்டு நட்டநடுவில் விழுந்தால் 10.9. நடுவிலிருந்து கால் மி.மீ. தள்ளத் தள்ள ஒவ்வொரு 0.1 ஆகக் குறையும்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், பாரிஸில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் எடுத்தார். அதாவது குண்டுக்குச் சராசரியாக 10.5. அப்படியும் பத்தாவது இடம்தான் கிடைத்தது. இறுதிச்சுற்றில் எட்டுப் பேருக்கு மட்டுமே இடம். அந்த உயரத்தில் கால் மி.மீ.கூட அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை.

அதனால் ரைபிளில் கன்னம் சாயும் கட்டை, தோளில் பதியும் பின்தட்டு, இடது கை தாங்கும் பகுதி என எல்லாவற்றையும் நகர்த்தி அமைக்க முடியும். தலையை இயல்பாகச் சாய்த்தால் கண் நேராகப் பின் சைட்டின் துளைக்குப் பின்னால் வர வேண்டும். கழுத்தை நீட்டினாலோ முறுக்கினாலோ, 75 நிமிடப் போட்டியின் கடைசிப் பகுதியில் உடம்பு அதற்கான பலனைக் காட்டிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு இந்த நகர்த்தும் வசதி ரொம்பவே முக்கியம். ஆறு மாதத்தில் பள்ளிச் சீருடை சிறிதாகிவிடுவதைப் போல ரைபிளின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும்.

குண்டிலும் ராசி பார்ப்பார்கள்!

ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைபிளுக்கும் 4.5 மி.மீ. ஈயக் குண்டுதான். ‘பெல்லட்’ என்பார்கள். தலை தட்டையாக இருக்கும். காகித இலக்கில் சுத்தமான வட்டத் துளை விழுந்து, புள்ளியைத் துல்லியமாகக் கணக்கிட முடியும் என்பதற்காக வந்த வடிவம் இது.

பெட்டியைப் பார்த்தால் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு குணம். ஒரே மாடலில் அடுத்தடுத்துத் தயாரான இரண்டு ரைபிள்களில், ஒன்றுக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அதைக் கண்டுபிடிக்க, துப்பாக்கியைக் கிளாம்ப் போட்டு அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் பத்து குண்டுகளாகச் சுடுவார்கள். எந்த வகை ஒரே துளைபோல மிக நெருக்கமாக விழுகிறதோ, அதே தயாரிப்புத் தொகுதியில் போட்டிக்கு வேண்டிய பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

50 மீட்டர் ரைபிளுக்கான பாயின்ட் 22 தோட்டாவில் இந்தத் தேடல் இன்னும் தீவிரம். பிரிட்டனின் பர்மிங்காமில் இருக்கும் ஈலி, ஜெர்மனியின் ஷோனெபெக்கில் தோட்டா தயாரிக்கும் லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனை மையங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் துப்பாக்கியோடு அங்கே போய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தும் தொகுதியை ஆயிரக்கணக்கில் வாங்கி வருவார்கள்.

பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் கதையே வேறு. ஷாட்கன்னில் பின் சைட் கிடையாது. சுடுபவரின் கண்தான் பின் சைட். அதனால் கன்னம் சாயும் கட்டையின் உயரம் மாறினால் குறியே மாறிவிடும். தோட்டாவுக்குள் இருக்கும் ரவை 24 கிராம்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. பேரலின் முனை எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை வைத்து அந்த ரவை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பரவும் என்பது அமையும். இந்தப் பிரிவில்தான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்ற மூவரில் ஒருவராக இருந்தார்.

டோக்கியோவில் உடைந்தது, பெய்ஜிங்கில் நகர்ந்தது

எல்லாம் பொருத்தமாக அமைந்த பிறகும் துப்பாக்கி கைவிடலாம். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவில் மனு பாக்கரின் துப்பாக்கியில் காக்கிங் லீவர் உடைந்தது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்துபோயின. மிச்சமிருந்த 40க்கும் மேற்பட்ட குண்டுகளை அவசரமாகச் சுட வேண்டிய நிலை. முடிவில் 575 புள்ளிகள், 12ஆவது இடம். வெறும் 2 புள்ளிகளில் இறுதிச்சுற்று நழுவியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார் மனு.

பெய்ஜிங்கில் 2008 ஆகஸ்ட் 11 அன்று அபினவ் பிந்த்ராவுக்கு வேறுவிதமான சோதனை. இறுதிச்சுற்றுக்கு முந்தைய பயிற்சிக் குண்டு, அவர் நினைத்துப் பார்க்காத அளவுக்கு வெளியே போய் விழுந்தது. சைட் நகர்ந்திருந்தது. கிடைத்த சில நிமிடங்களில் அதைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். பிறகு சுட்ட பத்து குண்டுகளில் ஒன்றுகூட 10க்குக் கீழே இறங்கவில்லை. கடைசிக் குண்டு 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது.

தன் சைட்டை எத்தனை கிளிக் திருப்பினால் குண்டு எவ்வளவு நகரும் என்பது விரல்நுனியில் இல்லாத ஒருவரால், அந்த நேரத்தில் அதைச் செய்திருக்க முடியாது. கிளிக் எண்ணிக்கை, விசை எடை, குண்டின் தொகுதி எண் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் வீரர்களுக்கு இருப்பது இதற்காகத்தான்.

பெற்றோர் கவனிக்க...

சென்னையில் பிறந்த ககன் நாரங், 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்றவர். அவருக்கு ரைபிள் வாங்க அவரது தந்தை நிலத்தை விற்றார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. எல்லா வீட்டிலும் அப்படிச் செய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை.

* முதல் சில மாதங்கள் கிளப் துப்பாக்கியே போதும். பிள்ளைக்கு ஏர் பிஸ்டலா, ரைபிளா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

* வாங்கும்போது பிள்ளையை அழைத்துச் சென்று, கையில் பிடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உதிரிபாகமும் சர்வீஸும் இங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். பயன்படுத்திய துப்பாக்கி என்றால் காற்றுச் சிலிண்டரின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அதற்குக் காலாவதி உண்டு.

* கையில் கூடுதல் பணம் இருந்தால், விலை உயர்ந்த அடுத்த மாடலுக்குப் போவதற்குப் பதிலாக நல்ல கிரிப்புக்கும், குண்டு சோதனைக்கும், பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

* குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் ‘டிரை ஃபயர்’ பயிற்சிக்குக் காசே ஆகாது.

* 4.5 மி.மீ. அளவிலான, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. பாயின்ட் 22, ஷாட்கன் எல்லாவற்றுக்கும் உரிமம் கட்டாயம்.

* உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. பூட்டிய பெட்டியில் வையுங்கள். குண்டைத் தனியாக வையுங்கள். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் யாரை நோக்கியும் நீட்டக் கூடாது.

* பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது விலைப்பட்டியலாக இருக்கலாம். நீங்கள் முதலில் காட்ட வேண்டியது உங்கள் பிள்ளையின் கையை!