சார்ஜரில் அச்சிட்ட எண் செலவுக் கணக்கு ஆகாது

லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், 65 வாட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சோலார் பலகைக்கோ இன்வெர்ட்டருக்கோ மதிப்பீடு போடுகிறவர்கள் பலர் அந்த 65ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சார்ஜரால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; லேப்டாப் எவ்வளவு இழுக்கிறது என்று அது சொல்வதே இல்லை. கடிதம் தட்டச்சு செய்யும்போது 15 வாட்டுக்குள் அடங்கிவிடுகிற அதே கருவி, வீடியோ எடிட்டிங்கில் இறங்கினால் 60ஐ நெருங்கக்கூடும். தினம் 8 மணி நேரம் என்று 60 நாளுக்குப் போட்டால், 65 வாட் கணக்கில் 31.2 யூனிட் வருகிறது. 15 வாட்டில் 7.2 யூனிட்தான். நான்கு மடங்குக்கு மேல் பிசகும் கணக்கை நம்பி பேட்டரியும் பலகையும் வாங்குவது பணத்தைக் கரைக்கிற வேலை. அளந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு நொடியின் வாட்டை அல்ல, ஒரு வேலைப்பொழுது முழுவதும் செலவான மின்சாரத்தை.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230ஆல் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 75 வாட்டும் அதற்குக் குறைவுமான லேப்டாப் போன்ற கருவிகளுக்கு சர்வதேச ஹார்மோனிக் தரநிலை வரம்பு வைக்கவில்லை. அதனால் 65 வாட் சார்ஜர்களில் பவர் ஃபேக்டரைச் சீராக்கும் சுற்று பெரும்பாலும் இருப்பதில்லை. மின்னழுத்தம் உச்சத்தைத் தொடும் சிறு கணங்களில் மட்டும் மின்சாரத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. 0.2 ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் கிடைப்பது 46 வோல்ட் ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.5 என்றால் உண்மைச் செலவு 23 வாட்தான். இன்வெர்ட்டரின் கொள்ளளவைப் பார்க்கிறபோது அந்த 46க்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மீட்டரில் யூனிட்டாக ஏறுவது 23தான். பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகி, உண்மை வாட்டையும் சேர்ந்துவரும் யூனிட்டையும் காட்டுகிற மீட்டரே இதற்குப் பொருத்தம்.

அந்த மீட்டரையும் ஏமாற்றக்கூடியது லேப்டாப்பின் உள்ளே இருக்கிற பேட்டரி. பாதி காலியான பேட்டரியோடு செருகினால், வேலைக்கான செலவோடு சார்ஜ் ஏறும் செலவும் கலந்து வரும். இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது: வேலைப்பளு கூடும்போது சில லேப்டாப்கள் சார்ஜர் போதாமல் பேட்டரியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், அப்போது மீட்டர் குறைத்துக் காட்டும். ஆகவே பேட்டரி நிறைந்த பிறகு அளவைத் தொடங்கி, வழக்கமான வேலையைச் சில மணி நேரம் செய்து, பேட்டரி மீண்டும் நிறையும்வரை காத்திருந்து முடிக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒரே நிலையில் நின்றால்தான் நடுவில் வாங்கியதும் கொடுத்ததும் நேராகும்.

லேப்டாப்பே கணக்குச் சொல்கிறதே என்பார்கள். லினக்ஸும் விண்டோஸும் தரும் பேட்டரி விவரம் பயனுள்ளதுதான், ஆனால் சார்ஜருக்குள் வெப்பமாகப் போகிற பங்கு அதில் வராது. பேட்டரியில் ஓடும்போது திரை தானாக மங்குவதும் உண்டு. அப்போது அளப்பது வேறொரு நிலைமையை. இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் சில்லுகளோடு கொண்டுவந்த உள்கணக்கு செயலியின் செலவைச் சொல்லும். திரையையும் வைஃபையையும் அது அறியாது. எளிய வேலையில் திரைதான் பெரும் பங்கை விழுங்குகிறது.

மாதம் நாலு யூனிட்டுக்கு இத்தனை பாடா என்ற கேள்வி ஒற்றை லேப்டாப் உள்ள வீட்டுக்குப் பொருந்தும். நாற்பது லேப்டாப் ஓடும் பள்ளி ஆய்வகத்துக்கும், சோலாரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கும் பொருந்தாது. செருகு மீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் வீட்டு மின்மீட்டரையே பயன்படுத்தலாம். யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அதன் முகப்பில் எழுதியிருக்கும். ஃப்ரிட்ஜ் உட்பட மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கு மினுக்குவதை ஒரு மணி நேரம் எண்ண வேண்டும். 3,200 துடிப்பு மீட்டரில் 64 முறை மினுக்கினால், அந்த லேப்டாப் இழுத்தது சராசரியாக 20 வாட்.